எழுவதற்கு முன் எடுத்த இரத்தம்

ஒரே பெண்ணிடமிருந்து ஒரே நாளில் எடுத்த இரண்டு குழாய் இரத்தம் இரண்டு வேறு அளவுகளைக் காட்டியது. என் ஆராய்ச்சி வழிகாட்டி அந்தத் தாளைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் வரப்போவது நல்ல வார்த்தையாக இருக்காது என்று எங்கள் ஆய்வகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"ஒண்ணு உன் கை சரியில்லை, இல்லேன்னா உன் டெஸ்ட் சரியில்லை. எதுன்னு கண்டுபிடி. அப்புறம் தீசிஸ் பத்திப் பேசலாம்."

தொண்ணூறுகளின் முற்பாதி அது. உயிர்வேதியியலில் முதுகலை முடித்துவிட்டு, நகரத்துக்குள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியை ஒட்டியிருந்த ஆய்வகத்தில் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தேன். வீடு கிழக்குத் தாம்பரம். காலையில் மின்சார ரயிலில் பெண்கள் பெட்டியில் இடித்துப் பிடித்துப் போய், இருட்டுவதற்குள் திரும்பினால் அது நல்ல நாள். என் வயதுப் பெண்களுக்கெல்லாம் கல்யாணமாகிக் குழந்தை நடக்க ஆரம்பித்திருந்தது. நான் மட்டும் முடக்குவாதக்காரர்களின் இரத்தத்தைக் குழாய் குழாயாகச் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தேன்.

நான் தேடிக்கொண்டிருந்தது இதுதான். நம் மூட்டுகளில் எலும்பு முனைகளின்மேல் வழவழவென்று வெள்ளையாக ஒரு மூடி இருக்கிறது. குருத்தெலும்பு. எலும்பும் எலும்பும் உரசாமல் காப்பது அதுதான். முடக்குவாதம் வந்தால் மூட்டு வீங்கும், வலிக்கும். அதெல்லாம் வெளியில் தெரியும். உள்ளே குருத்தெலும்பு கரைந்துகொண்டிருப்பது மட்டும் தெரியாது. அதற்கு நரம்பு இல்லை, அதனால் அது அழிவதை அதுவே வலியாகச் சொல்லாது. எக்ஸ்ரே காட்டும், ஆனால் போனது போன பிறகுதான் காட்டும். ஈ.எஸ்.ஆர். என்ற சாதாரண இரத்தப் பரிசோதனை, உடம்பில் எங்கேயோ அழற்சி இருக்கிறது என்று சொல்லும். என்ன அழிகிறது என்று சொல்லாது. ஆனால் குருத்தெலும்பு கரையும்போது அதிலிருக்கும் ஒரு புரதம் உதிர்ந்து இரத்தத்தில் கலக்கிறது. அதை அளக்க முடிந்தால், மூட்டு பாழாவதற்கு முன்பே தெரிந்துகொள்ளலாம். அந்தப் புரதத்தைக் கண்டுபிடித்துப் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடி திரவம் ஒரு வெளிநாட்டு ஆய்வகத்திலிருந்து சிறு புட்டியில் பனிக்கட்டிக்குள் வந்திருந்தது. அது தீர்ந்தால் மறுபடி கிடைக்குமா என்பது யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு துளியையும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் எடுப்பேன்.

அப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்தும் எண்கள் தாறுமாறாக வந்தன. நோய் முற்றியவர்களுக்குக் குறைவு, இப்போதுதான் ஆரம்பித்தவர்களுக்கு அதிகம். ஒரே ஆளுக்கே போன மாதம் ஒன்று, இந்த மாதம் ஒன்று. கடைசியாக இந்த இரண்டு குழாய்கள்.

அந்த இரத்தம் இரும்புலியூரிலிருந்து வந்த ஒரு அக்காவுடையது. நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையை ஒட்டி அவர்கள் குடும்பத்துக்கு முன்பு நெல் வயல் இருந்தது. அதை மனை போட்டு விற்ற பிறகு கணவர் ரோட்டோரமாகவே சிமெண்டும் கம்பியும் விற்கும் கடை வைத்திருந்தார். அக்காவுக்கு இரண்டு கை விரல்களும் இரண்டு முழங்கால்களும் போய்க்கொண்டிருந்தன. ஆனாலும் டாக்டர் எப்போது கேட்டாலும் ஒரே பதில்தான், "பரவால்ல சார்." அன்றைக்கு வந்தவுடன் நான் ஒரு குழாய் இரத்தம் எடுத்தேன். பட்டினியோடு வந்ததில் தலைசுற்றல் வந்து, வார்டில் ஒரு கட்டிலில் மத்தியானம்வரை படுத்திருந்தார். டாக்டர் சர்க்கரையும் பார்த்துவிடலாம் என்று மறுபடி இரத்தம் எடுக்கச் சொன்னபோது, நான் ஆசையில் எனக்கும் ஒரு குழாய் வாங்கிக்கொண்டேன். முதல் குழாயில் அளவு எக்கச்சக்கம். இரண்டாவதில் ரொம்பக் குறைவு.

என் கை சரியில்லை என்று வழிகாட்டி சொன்னது இரண்டு நாள் சோறு இறங்கவிடாமல் செய்தது. அந்த இரண்டு குழாய்களையும் மறுபடி அளந்தேன். அதே முடிவு. புட்டியில் மிச்சமிருப்பதைப் பார்த்துப் பயந்துகொண்டே இன்னொரு தடவை அளந்தேன். அதே முடிவுதான். அப்போது எனக்குள் ஒரு தைரியம் வந்தது. ஒரே தப்பு ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வராது. என் கை சரியாகத்தான் இருக்கிறது. அந்த அக்காவிடம்தான் ஏதோ மாறியிருக்கிறது.

அடுத்த முறை அவர் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

"அக்கா, அன்னைக்கு எழுந்ததுலேர்ந்து இங்க வர்ற வரைக்கும் என்னென்ன செஞ்சீங்க?"

"இன்னாத்த செய்வேன்? எப்பயும் போலத்தான். வாசல் தெளிச்சேன். கைப்பம்புல தண்ணி அடிச்சேன். பொண்ணுங்க ரெண்டு பேருக்கும் சோறு கட்டுனேன். அப்பால ஸ்டேஷனாண்ட நடந்துகினு வந்து, பிரிட்ஜு ஏறி எறங்கி, டிரெய்ன்ல நின்னுகினே வந்தேன்."

"இந்த முட்டியோடயா?"

"முட்டிய வூட்ல கழட்டி வெச்சுட்டா வர முடியும்?"

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே விஷயம் பிடிபட்டது. நடக்கும்போது, ஏறி இறங்கும்போது, பம்பு அடிக்கும்போது மூட்டு அழுத்தப்படுகிறது. அழுத்தும்போதெல்லாம் அந்தப் புரதம் மூட்டிலிருந்து இரத்தத்துக்குள் தள்ளப்படுகிறது. படுத்தால் மெதுவாக இறங்கிவிடுகிறது. இவ்வளவு நாளாக நான் அளந்தது நோயை அல்ல. யார் எவ்வளவு தூரம் நடந்து வந்தார்கள் என்பதை. ஓடிப்போய்ப் பதிவேட்டில் மற்றவர்களின் ஊர்களைப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலிருந்து ஆட்டோவில் வந்தவர்களுக்குக் குறைவு. ஊரப்பாக்கத்திலிருந்தும் காட்டாங்குளத்தூரிலிருந்தும் ரயில் பிடித்து வந்தவர்களுக்கு அதிகம்.

வழிகாட்டியிடம் சொன்னபோது கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். பிறகு, "அப்படின்னா ராத்திரி பூரா படுத்துட்டு, எழுந்திருக்கறதுக்கு முன்னாடி ரத்தம் எடுக்கணும். அதுக்கு அட்மிட் பண்ணணும். பெட்டுக்கு எங்க போறது?" என்றார்.

"பெட் வேண்டாம் சார். அவங்க வீட்டுக்கு நான் போறேன்."

"எல்லார் வீட்டுக்குமா?"

"தாம்பரத்துலேர்ந்து காட்டாங்குளத்தூர் வரைக்கும் இருக்கறவங்க போதும் சார். நான் அந்தப் பக்கம்தான்."

"விடியக்காலையில நாய் துரத்தும்."

"துரத்தும் சார்."

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "ஆஸ்பத்திரியில பர்மிஷன் நான் வாங்கித் தர்றேன். செஞ்சு பாரு. ஆனா இதுவும் சரியா வரலேன்னா டாபிக்கை மாத்திடணும்."

வீட்டில் அண்ணனின் மொபெட்டைக் கேட்டேன். அண்ணன் வேலைக்குப் போவது ஒன்பது மணிக்கு. அதற்குள் திரும்பி வந்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு சாவியைக் கொடுத்தான். அம்மாதான் தாங்கவில்லை. "பொழுது விடியறதுக்கு முன்னால ஊசியைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊராப் போறதா ஒரு படிப்பு?" என்று கேட்டபடியே, காதை மூடிக் கட்டிக்கொள்ள ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

நோயாளிகளிடம் முன்கூட்டியே சொல்லி, சம்மதம் வாங்கியிருந்தேன். ராத்திரி படுத்தால் நான் வரும்வரை எழுந்திருக்கக் கூடாது. பாத்ரூம் போக வேண்டியிருந்தால் போகலாம், ஆனால் அதை என்னிடம் சொல்லிவிட வேண்டும். எல்லோரும் தலையாட்டினார்கள். முதல் நாள் முதல் வீடு இரும்புலியூர் அக்காவுடையது என்று வைத்துக்கொண்டேன். அவர்தானே ஆரம்பித்து வைத்தவர்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் தெற்கேயிருந்து வந்த பஸ்கள் தூங்கி வழியும் முகங்களோடு பட்டணத்துக்குள் போய்க்கொண்டிருந்தன. ஏரிப் பக்கமிருந்து குளிர்ந்த காற்று. இரத்தக் குழாய்களுக்கான தெர்மோகோல் பெட்டியை மொபெட்டின் முன்னால் வைத்துக் கயிறு கட்டியிருந்தேன். தெருவில் திரும்பியதுமே என் மனசு சோர்ந்து போனது. அக்கா வீட்டு வாசல் தெளித்து, பெரிய கோலமாகப் போட்டிருந்தது. அக்கா குளித்து, தலையில் துண்டு சுற்றி, கையில் காப்பி டம்ளரோடு வாசலில் நின்றார்.

"வாம்மா. குளுர்ல வந்துகீற. மொதல்ல இத்தக் குடி."

"அக்கா, எழுந்திருக்கக் கூடாதுன்னு சொன்னேனே."

"வூட்டுக்கு ஒருத்தங்க வர்றப்போ படுத்துகினா வரவேற்பாங்க? நல்லாகீதா அது?"

காப்பியைக் குடித்தேன். இரத்தம் எடுக்கவில்லை. ஊரப்பாக்கத்தில் ஒரு ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், அட்டென்ஷனில் நிற்பதுபோலவே படுத்துக்கொண்டு, கையை மட்டும் போர்வைக்கு வெளியே நீட்டி வைத்திருந்தார். அவருடைய இரத்தம் மட்டும்தான் அன்றைக்கு எனக்குக் கிடைத்தது. மற்ற வீடுகளில் நோயாளிகள் பெண்கள். எல்லோரும் எழுந்து, பெருக்கி, அடுப்பு மூட்டி, முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார்கள்.

அடுத்த முறை அக்கா சத்தியம் செய்யாத குறையாக, "படுத்தே கெடக்கறேன் போ," என்றார். போய்க் கதவைத் தட்டினேன். உள்ளே கட்டில் சத்தம், பிறகு வளையல் சத்தம், பிறகு கால் இழுத்து இழுத்து நடக்கும் சத்தம். கதவைத் திறந்தது அக்காதான்.

"அக்கா."

"தட்டுனா யாரு தொறப்பாங்க? அவுரு தூங்கறாரு. பொண்ணுங்க தூங்குது."

வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அக்கா மெதுவாக என் பக்கத்தில் வந்து உட்கார முயன்று, முட்டி மடங்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் இவர்களிடம் கேட்டுக்கொண்டிருந்தது ஒரு குழாய் இரத்தம் என்று நினைத்தேன். உண்மையில் நான் கேட்டது அதைவிடப் பெரிய விஷயம். ஒரு காலையாவது வீட்டில் முதலில் எழாமல் இருக்கச் சொல்லிக் கேட்டேன். கல்யாணமான நாளிலிருந்து அந்த அக்கா அதைச் செய்ததில்லை. முடக்குவாதக்காரர்களுக்கு விடியற்காலைதான் கொடுமையான நேரம். ராத்திரி அசையாமல் கிடந்த மூட்டுகள் இறுகிப்போய், விரல் மடங்காது, கால் ஊன்ற வராது. அந்த நேரத்தில்தான் இந்தப் பெண்கள் எல்லோருக்கும் முன்னால் எழுந்து, மற்றவர்கள் கண் விழிப்பதற்குள் எப்படியோ விரல்களை வசத்துக்குக் கொண்டுவந்து, ஒன்றுமே இல்லாததுபோல் காப்பி நீட்டினார்கள்.

நான் எழுந்து உள்ளே போனேன். கணவர் கூடத்தில் பாயில் படுத்திருந்தார். "அண்ணா," என்று கூப்பிட்டேன். வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தார்.

"இன்னாமா, இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலண்ணா. அடுத்த தடவை நான் வரும்போது நீங்கதான் கதவைத் திறக்கணும். அக்கா படுத்திருக்கணும். ரத்தம் எடுத்து முடிக்கற வரைக்கும் அவங்க கால் தரையில படக் கூடாது. இது ஆஸ்பத்திரி உத்தரவு."

உத்தரவெல்லாம் ஒன்றுமில்லை. என் குரல்தான் அப்படி வந்தது. அவர் லுங்கியை இறுக்கிக்கொண்டு, "சரிம்மா," என்றார்.

அதற்கு அடுத்த முறை போனபோது வாசலில் கோலம் இல்லை. கதவு திறந்திருந்தது. அவர் சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு, சாமி ஊர்வலத்துக்குக் காத்திருப்பவர்போல வாசலில் நின்றார். உள்ளே அக்கா கட்டிலில் படுத்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் பெரிய தப்பு செய்கிற மாதிரி ஒரு கலக்கம். பெண்கள் இரண்டு பேரும் எழுந்து உட்கார்ந்து, அம்மா படுத்திருப்பதை அதிசயமாகப் பார்த்தார்கள்.

"கையை நீட்டி, விரலை மூடித் திறங்க அக்கா. நரம்பு தெரியணும்."

அக்கா கையை நீட்டினார். விரல்கள் பாதி மடங்கிய நிலையிலேயே நின்றன. மூட முயன்றார். வரவில்லை. திறக்க முயன்றார். அதுவும் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை முயன்றபோது கண் ஓரத்தில் தண்ணீர் வந்துவிட்டது.

"பரவால்ல, இரும்மா. கொஞ்ச நேரத்துல வந்துரும். தெனிக்கும் வர்றதுதான்."

கணவர் என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "தெனிக்குமா?" என்றார்.

அக்கா மறுபடி விட்டத்தைப் பார்த்தார்.

"தெனிக்கும் இப்பிடித்தான் கீதா உனுக்கு? கை மூட வர்லியா?"

"வெயிலு வந்தா சரியாப் பூடும்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா நீ?"

"நீ எந்திரிக்கறதுக்குள்ள சரியாப் பூடுதே. அப்பால இன்னாத்துக்குச் சொல்லணும்?"

அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். கம்பியும் சிமெண்டும் தூக்கிக் காய்ப்பு ஏறிய கைகள். அவர் பிடித்திருந்தபடியே நான் நாடாவைக் கட்டி, மணிக்கட்டுக்கு மேலே தெரிந்த இரத்த நாளத்தில் ஊசியைச் செலுத்தினேன். இரத்தம் குழாயில் ஏறியது. குழாயை மூடி, பெட்டிக்குள் வைத்து நிமிர்ந்தபோது அவர் அடுக்களையில் இருந்தார். "சக்கர எங்கடி வெச்சுகீற?" என்று அங்கிருந்து கேட்டார். அக்கா கட்டிலில் இருந்தபடியே வழி சொன்னார். பெரிய பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வந்த காப்பி கஷாயம் மாதிரி இருந்தது. அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்லாத்தான் போட்டுகீறாரு," என்று என்னிடம் சொன்னார். அந்த முகத்தில் இருந்த பெருமையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இந்தச் செய்தி எப்படிப் பரவியது என்று எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்து அக்காவே சொல்லியிருக்க வேண்டும். அடுத்த சுற்றில் ஊரப்பாக்கத்தில் ஒரு மாமியார் கதவைத் திறந்து, "மருமக படுத்திருக்கா, சத்தம் போடாம வாங்க," என்றார். காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரியின் அலுவலகத்தில் வேலை பார்த்த பெண்ணின் வீட்டில், கணவர் சட்டினி அரைத்துக்கொண்டே என்னை வரவேற்றார். "மேடம் பெட்லதான் இருக்காங்க," என்று கேலியாகச் சொன்னார். ஆனால் அரைத்துக்கொண்டுதான் இருந்தார். நான் வராத நாட்களிலும் சில வீடுகளில் இது தொடர்ந்தது என்று பின்னால் கேள்விப்பட்டேன். "இன்னிக்கு ரத்தம் எடுக்க வருவாங்க," என்று சொல்லிவிட்டு ஒரு அம்மா வாரம் முழுக்கப் படுத்திருந்தாராம்.

நாய்கள் துரத்தின. மழைக்காலத்தில் ஊரப்பாக்கத்து மனைகளுக்கு நடுவில் சேற்றில் மொபெட் சாய்ந்து, நான் ஒரு பக்கமும் பெட்டி ஒரு பக்கமுமாக விழுந்தோம். குழாய்கள் உடையவில்லை. என் முழங்கை மட்டும் சிராய்ந்தது. ரயிலில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், பூக்காரம்மா ஒருவர், "உள்ள இன்னா மீனா?" என்று ஒருநாள் கேட்டார். இரத்தம் என்று சொன்னேன். தன் கூடையைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, பிறகு விவரமாகக் கேட்டு, தன் கால் மூட்டையும் என்னிடம் காட்டினார்.

எண்களைப் போட்டுப் பார்த்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. சாயங்காலம். சோதனைத் தட்டின் சிறு குழிகளில் ஊற்றியிருந்த திரவம் மஞ்சளாக நிறம் மாறிக்கொண்டிருந்தது. கரண்டு போய்விடக் கூடாதே என்று மனசு அடித்துக்கொண்டது. போகவில்லை. கருவி எண்களை வரிசையாகத் துப்பியது. நான் வரைபடத் தாளில் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே வந்தேன். முன்பு மழையில் சிதறிய மாதிரி கிடந்த புள்ளிகள் இப்போது கூட்டம் கூட்டமாகப் பிரிந்தன. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக இரத்தம் கொடுத்த நோயில்லாதவர்கள் கீழே. எக்ஸ்ரேயில் மூட்டு நன்றாக இருந்தவர்கள் அதற்குச் சற்று மேலே. மூட்டு இடைவெளி குறைந்துகொண்டே போனவர்கள் எல்லோரும் மேலே. அவரவருக்கு மாதா மாதம் எடுத்ததும் இப்போது ஒன்றோடொன்று பொருந்தியது. நடந்த தூரம் வெளியே போய்விட்டது. மிச்சமிருந்தது நோய் மட்டும்.

வழிகாட்டி வந்து தாளைக் கையில் எடுத்தார். நான் அவர் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதைத் தொடவே இல்லை. தாளைத் திரும்ப மேஜைமேல் வைத்துவிட்டு, "உன் கைக்கு ஒண்ணும் இல்லம்மா," என்றார். அதோடு அவர் அறைக்குள் போய்விட்டார். நான் காலி ஆய்வகத்தில் கையைக் கழுவிக்கொண்டு, சுவர்க் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துச் சத்தமாகச் சிரித்தேன்.

அக்காவின் புள்ளி எல்லோருக்கும் மேலே இருந்தது. ஈ.எஸ்.ஆர். இறங்கியிருந்ததால் ஆஸ்பத்திரிச் சீட்டில் 'முன்னேற்றம்' என்று எழுதியிருந்த நேரம் அது. டாக்டரிடம் ஓடினேன். அவர் நல்ல மனிதர், நிதானமானவர்.

"இது ரிசர்ச் டெஸ்ட்டும்மா. இந்த ஒரு நம்பரை வெச்சு நான் மருந்தை மாத்த முடியாது. தப்பு. பேஷன்ட் என்கிட்ட நல்லா இருக்கேன்னுதானே சொல்றாங்க?"

அவர் சொன்னது சரிதான். ஆனால் அடுத்த முறை அக்கா தனியாக வரவில்லை. கடையைப் பூட்டிவிட்டுக் கணவரும் வந்திருந்தார். டாக்டர் வழக்கம்போல், "எப்படி இருக்கீங்க?" என்று கேட்க, அக்கா வழக்கம்போல், "பரவால்ல சார்," என்று ஆரம்பித்தார்.

"பரவால்லன்னு சொல்லாத," என்றார் கணவர். "சார், நான் சொல்றேன். காலைல எந்திரிச்சா இவ கை மூட வர்ல சார். வெயிலு ஏறி ரொம்ப நேரம் கழிச்சுதான் ஒரு டம்ளரு புடிக்க முடியுது. நான் என் கண்ணால பாத்துகினு கீறேன். முன்னல்லாம் எனுக்குத் தெரியாது சார். இப்போ தெரியும்."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார். அக்காவின் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். புதிதாக எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். அதில் விரல் மூட்டுகளின் ஓரம் அரிபட ஆரம்பித்திருந்தது. வாரத்துக்கு ஒரே ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டிய மஞ்சள் மாத்திரையை எழுதிக் கொடுத்தார். தினமும் சாப்பிட்டுவிடக் கூடாது என்று கணவரைப் பார்த்து இரண்டு தடவை சொன்னார். கணவர் அந்தக் கிழமையைக் கடை நாட்காட்டியில் வட்டம் போட்டு வைத்துக்கொண்டார்.

என் எண் அந்த மருந்தை மாற்றவில்லை. அதை இன்றைக்கும் யார் கேட்டாலும் அப்படியே சொல்வேன். என் எண்ணுக்காக நான் கேட்ட அந்த விடியற்காலைதான் மாற்றியது. எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

நான் தொடர்ந்து போய்க்கொண்டிருந்தேன். மாதங்கள் போகப் போக அக்காவின் புள்ளி இறங்கியது. முதலில் நம்பவில்லை, மறுபடி அளந்தேன். பிறகு நன்றாகவே இறங்கியது. ஒருநாள் விடியற்காலையில் நான் கேட்பதற்கு முன்பே அக்கா கையை நீட்டி, விரல்களை மூடி, திறந்து, மறுபடி மூடிக் காட்டினார். முழுக்க மூடவில்லை. ஆனால் மூடியது. "பாத்துகினியா?" என்றார். நான் நாடாவைக் கட்டாமல் அந்தக் கையையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

என் வாய்மொழித் தேர்வு நாள் வந்தது. வெளியூரிலிருந்து தேர்வாளர் வந்திருந்தார், கேள்வி கேட்பதில் பெயர் பெற்றவர். அரங்கத்தில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம் என்பதால் நோயாளிகளிடமும் சொல்லியிருந்தேன். வருவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. நான் மேடையேறித் திரும்பினால் பின்வரிசை முழுக்க என் ஆட்கள். பட்டுப்புடவைகள், மல்லிகைப்பூ, இஸ்திரி போட்ட சட்டையில் பஸ் டிரைவர், கைக்குட்டையால் வியர்வை துடைத்துக்கொண்டு அக்காவின் கணவர். முன்வரிசையில் என் அம்மாவும் அண்ணனும்.

ஆங்கிலத்தில் பேசி முடித்தேன். தேர்வாளர் நிறையக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கடைசியில் தாளைப் புரட்டிக்கொண்டே, தமிழிலேயே கேட்டார்.

"உங்க ரிசல்ட் எல்லாமே ஒரே விஷயத்துமேல நிக்குது. பேஷன்ட்ஸ் படுக்கையை விட்டு எழுந்திருக்கலைங்கறது. நம்ம ஊர் வீடுகள்ல அது நடக்குமா? பொம்பளைங்க எழாம இருந்தாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்வரிசையில் நாற்காலி நகர்ந்தது. அக்கா எழுந்து நின்றார். யாரையும் பிடித்துக்கொள்ளாமல்தான் எழுந்தார்.

"நான் எந்திரிக்கல சார். அவுருதான் எந்திரிச்சாரு. வேணும்னா அவுரையே கேளுங்க."

அரங்கம் முழுக்கச் சிரிப்பு. கணவர் பாதி எழுந்து, கைகூப்பி, "ஆமாங்க சார்," என்றார். ஊரப்பாக்கத்து மாமியாரும், "எங்க வூட்லயும் அப்படித்தாங்க," என்று உட்கார்ந்தபடியே குரல் கொடுத்தார். தேர்வாளர் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு என் வழிகாட்டியின் பக்கம் திரும்பி, "இதுக்கு மேல எனக்குக் கேள்வி இல்லை," என்றார்.

சாயங்காலம் எல்லோரும் ஒரே ரயிலில் திரும்பினோம். ஆண்கள் பொதுப் பெட்டியில், நாங்கள் பெண்கள் பெட்டியில். அம்மா, வழியில் வாங்கிய ஜாங்கிரியைப் பொட்டலம் பிரித்து, தெரிந்தவர் தெரியாதவர் என்று பார்க்காமல் எல்லோருக்கும் நீட்டிக்கொண்டே வந்தாள். "எம்பொண்ணு பாஸு," என்றாள். எதில் பாஸ் என்று ஒரு கல்லூரிப் பெண் கேட்டதற்கு, "அது பெரிய படிப்பும்மா, காலங்காத்தால போய்ப் படிச்சா," என்றாள். பல்லாவரம் தாண்டியதும் காற்று நன்றாக வந்தது. அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து, ஜாங்கிரியை விரல்களால் பிட்டுப் பிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.